சமயபுரத்தாளைத் தேடினால் முதலில் வருவது யார்?

மாசி கடைசி ஞாயிறு, திருச்சி அருகே சமயபுரம் மாரியம்மன் கோயிலில் பூச்சொரிதல். 2024இல் அது மார்ச் 10, 2025இல் மார்ச் 9. தமிழ் மாதத்தின் கடைசி ஞாயிறு என்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். அன்று தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி இருக்கிறாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர்தான். அப்புறம் சித்திரை முதல் செவ்வாயில் தேர். மாசி பிறந்ததும் இந்தத் தேதிகளை ஊர் ஊராகக் கைப்பேசியில் தேடுகிறார்கள். தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது கோயிலா, கோயில் பெயரை வைத்துக்கொண்டு தளம் நடத்தும் வேறு யாராவதா? காணிக்கைப் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பது வரை இந்தக் கேள்வி நீள்கிறது.

இணையதளம் செய்து கொடுப்பவரிடம் ஒரு லாட்ஜ்காரரோ டிராவல்ஸ்காரரோ போனால் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் யோசனை பெயரைப் பற்றியதாகத்தான் இருக்கும். டொமைனிலேயே, அதாவது தளத்தின் முகவரிப் பெயரிலேயே, ஊர் பெயர், கோயில், தொழில் மூன்றையும் சேர்த்துவிடுங்கள், கூகுளில் மேலே வந்துவிடும் என்பார்கள். இந்த யோசனைக்கு ஒரு காலத்தில் பலன் இருந்தது. தேடுகிற சொற்களையே ஒட்டி, நடுவில் சிறுகோடு போட்டுப் பெயர் வாங்கியவர்கள், உள்ளே உருப்படியாக எதுவும் இல்லாமலே முதல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 2012 செப்டம்பர் 28 அன்று கூகுளின் மேட் கட்ஸ் ஒரு மாற்றத்தை அறிவித்தார்: தேடுசொல்லை அப்படியே டொமைனாக வைத்திருக்கும் தரமற்ற தளங்கள் இனிக் கீழே போகும். அமெரிக்க ஆங்கிலத் தேடல்களில் 0.6 சதவீதத்தை அது பாதிக்கும் என்றார். டொமைனில் தேடுசொல் இருப்பதற்காகத் தனிச் சலுகை இல்லை என்று அதன் பிறகும் கூகுள் தரப்பில் பலமுறை சொல்லிவிட்டார்கள். யோசனை மட்டும் இன்னும் விலை போகிறது.

அந்தப் பெயருக்கு மதிப்பே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. வாயால் சொல்ல வசதி, விசிட்டிங் கார்டில் பார்த்தவுடன் புரியும், தேடல் பட்டியலில் பத்துப் பெயர்களுக்கு நடுவே கண் அதில் நிற்கும். மற்றவர்கள் இணைப்புக் கொடுக்கும்போது தளத்தின் பெயரையே சொல்லிக் கொடுப்பதால், தேடுசொல்லும் அந்த இணைப்போடு ஒட்டிக்கொண்டு வரும். இதெல்லாம் உண்மையான நன்மை. ஆனால் திருச்சி பேருந்து நிலையத்தில் எந்தக் கடையில் எட்டிப் பார்த்தாலும் மணப்பாறை முறுக்கு என்றுதான் போட்டிருக்கும். பலகையைப் பார்த்து நிற்கிறவர் கடித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த முறை வருவதா என்று முடிவு செய்வார். அந்த முறுக்குக்காவது 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. டொமைனுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. சமயபுரம் என்ற சொல்லைச் சேர்த்து ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் யார் வேண்டுமானாலும் ஒரு பெயர் வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரருக்குச் சாதகமான அதே பெயர் முறை கோயிலுக்குப் பாதகமாகிறது.

எழுத்துக்கூட்டல் தனித் தலைவலி. மாவட்ட நிர்வாகத்தின் தளம் ஆங்கிலத்தில் திருச்சிராப்பள்ளி என்று முழுப் பெயரையும் தாங்கியது. மாநகராட்சி டிரிச்சி என்று வைத்துக்கொண்டது. 2011இல் வந்த இந்திய மேலாண்மைக் கழகம் பெயர்ப்பலகையில் திருச்சிராப்பள்ளி, டொமைனில் டிரிச்சி. ஒரே ஊர்தான். எல்லாம் ஒன்று என்று தேடுபொறிக்கு எப்போதோ தெரிந்துவிட்டதால் பெரிய பெயர்களுக்கு இதனால் சேதமில்லை. சின்னப் பெயர்கள்தான் அடி வாங்குகின்றன. பூச்சொரிதலை ஆங்கில எழுத்தில் ஒருவர் ‘தல்’ என்று முடிப்பார், இன்னொருவர் ‘யல்’ என்று முடிப்பார், மூன்றாமவர் நடுவில் இடைவெளி விட்டு இரண்டு சொல்லாக அடிப்பார். சமயபுரம் இருக்கும் பேரூராட்சியின் பெயரோ ச.கண்ணனூர். 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சாளர் தெற்கே தலைநகரம் வைத்திருந்த கண்ணனூர்தான் அது. வரலாற்றுக்குப் பொருத்தமான பெயர். ஆனால் சமயபுரத்தில் தங்க இடம் தேடும் எவரும் அதைத் தட்டப்போவதில்லை. தட்டினாலும் கேரளத்துக் கண்ணூர் குறுக்கே வர வாய்ப்பு அதிகம்.

2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கேற்ப மாற்றி அரசாணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் கொடுத்த புது எழுத்துகளைப் பார்த்து எழுந்த சிரிப்பும் கோபமும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ஆணை நிலைத்திருந்தால் டொமைன்கள், வரைபடக் குறிகள், பழைய இணைப்புகள் எல்லாம் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது அதிகம் பேர் பேசவில்லை.

சரி, எழுத்துக்கூட்டல் தொல்லையே வேண்டாம், முகவரியையே தமிழில் வைத்துவிடலாமே? ‘.இந்தியா’ என்று தமிழிலேயே முடியும் டொமைன் பல ஆண்டுகளாக இருக்கிறது. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூட உண்டு. கொள்கை அளவில் நல்ல ஏற்பாடு, தேடுபொறியும் அதைத் தாழ்வாக நடத்துவதில்லை. சிக்கல் புழக்கத்தில். பக்க முகவரியில் ‘சமயபுரம்’ என்று தமிழில் எழுதி, அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல நேரம் சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்ட ஒரு சங்கிலிதான் போய்ச் சேரும். யூனிகோடில் அந்தச் சொல் எட்டுக் குறிகள், ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும், மொத்தம் 72. ஏற்கெனவே மோசடிச் செய்திகளால் மிரண்டிருக்கும் நம் பெரியவர்கள் அதைத் தொடுவார்களா? முகவரியைச் சுருக்கமாக ஆங்கிலத்தில் வைத்து, தலைப்பையும் உள்ளடக்கத்தையும் தமிழில் வைப்பதுதான் இன்றைக்கு நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. தமிழ்ப்பற்றுக்குக் குறைவு வந்துவிட்டது என்று யாரும் வருந்த வேண்டாம். தமிழ் வாசிக்கப்படுவது பக்கத்துக்குள்ளேதான்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். யூனிகோடு பரவும் முன் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தன. கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு வெறும் ஆங்கிலக் கிறுக்கல். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசு யூனிகோடை ஏற்றது. அந்த நோய் தீர்ந்தது என்று நினைத்தால் வேறு உருவில் தொடர்கிறது. திருவிழா அழைப்பிதழைப் படம் பிடித்து அப்படியே ஏற்றுகிறார்கள். கட்டண விவரம் ஒரு ஸ்கேன் கோப்பு. நடை அடைக்கும் நேரம் பூ வேலைப்பாடு செய்த ஒரு பட அட்டை. எல்லாத் தகவலும் அதில் இருக்கும், ஆனால் தேடுபொறி நம்பி எடுத்துக் காட்டும்படியான எழுத்தாக ஒரு வரி இருக்காது. இதே தேதியைத் தனியார் ஒருவர் ‘சமயபுரம் பூச்சொரிதல் எப்போது?’ என்று தலைப்பிட்டு, முதல் வரியிலேயே எழுதி வைக்கிறார். மேலே வருகிறார். குறுக்கு வழி என்று அவரைத் திட்டுவதில் நியாயமில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தப் பதில் எழுதும் கலைக்கும் ஒரு கெட்ட முகம் உண்டு. கர்ப்பகிரகத்தில் இருக்கும் சமயபுரத்தாளின் திருமேனி மூலிகைகளால் ஆனது. மூலவருக்கு அபிஷேகம் கிடையாது, உற்சவருக்குத்தான். வேண்டுதலோடு வருகிறவர் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. எல்லாக் கோயிலுக்கும் ஒரே வாசகத்தை வைத்து ஊர் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுப் பக்கம் தயாரிக்கும் தளத்தில் ‘மூலவர் அபிஷேகத்துக்கு முன்பதிவு’ என்று வந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. சொற்களின் பட்டியலை முன்னே வைத்து எழுதுகிறவருக்குக் கோயிலுக்கும் கோயிலுக்கும் உள்ள வேறுபாடு புலப்படாது. பக்கத்தின் அடியில் எல்லா எழுத்துக்கூட்டலையும் அடுக்கி வைப்பதும் இதே ரகம். பக்கத்தின் நிரலுக்குள் தேடுசொற்களை எழுதி வைக்கும் மெட்டா கீவேர்டு குறிச்சொல்லைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009இலேயே கூகுள் அறிவித்துவிட்டது. அதை நிரப்பித் தருவதாக இன்றும் யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

இனி அரசு எடுத்த வழி. அறநிலையத் துறை தன் கோயில்களுக்குத் தனித்தனி டொமைன் வாங்காமல், துறையின் ஜிஓவி.இன் முகவரிக்கு முன்னால் ஊரையும் தெய்வத்தையும் சேர்த்துத் துணைப் பெயர்கள் கொடுத்திருக்கிறது. சமயபுரம் மாரியம்மனும் ஸ்ரீரங்கம் ரங்கநாதரும் அப்படித்தான் இணையத்தில் இருக்கிறார்கள். பெயர் நீளம், வாயால் சொன்னால் யாரும் பிழையில்லாமல் தட்ட மாட்டார்கள். எல்லாக் கோயிலும் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். இருந்தும் என் கணிப்பில் சரியான முடிவு இதுதான். ஜிஓவி.இன் என்ற அந்த வாலை அரசு அமைப்பைத் தவிர யாரும் வாங்க முடியாது.

திருப்பதியின் அனுபவம் இதற்குச் சாட்சி. தேவஸ்தானத்தின் முன்பதிவுத் தளம் முதலில் டாட் காம் பெயரில் இருந்தது. 2020இல் ஆந்திர அரசின் ஜிஓவி.இன் முகவரிக்கு, திருப்பதி பாலாஜி என்ற பெயரில் மாறியது. 2024 ஜனவரியில் அதே அரசு முகவரிக்குள் மறுபடி தேவஸ்தானத்தின் பெயருக்கு மாறியது. டாட் காமிலிருந்து அரசு முகவரிக்குப் போனது நல்லது. நான்கே ஆண்டில் இரண்டாம் முறை மாறியது அவ்வளவு நல்லதல்ல. பழைய முகவரியைச் சுட்டும் செய்திகளும் காணொளிகளும் ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும். பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிட்டால் தேடுபொறி புரிந்துகொள்ளும். மனித நினைவு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. எது உண்மையான முகவரி என்ற குழப்பம் போலிகளுக்கு வசதி. 2023 ஏப்ரலில் தேவஸ்தானம் கண்டுபிடித்துப் புகார் கொடுத்தது 41ஆவது போலித் தளத்தைப் பற்றி.

லாட்ஜ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வாடிக்கையாளர் பெரும்பாலும் வரைபடத்தைத்தான் பார்க்கிறார். அங்கே வரிசையைத் தீர்மானிப்பவை பொருத்தம், தூரம், எவ்வளவு பேர் அறிந்த இடம் என்பவைதான் என்று கூகுள் வெளிப்படையாகவே சொல்கிறது. பெயரோடு ‘கோயில் அருகில் சிறந்த லாட்ஜ்’ என்று ஒட்டுவது அதன் விதிக்கு மாறானது, கணக்கே முடக்கப்படலாம்.

கோயில் அலுவலகங்கள் செய்ய வேண்டியதற்குச் செலவு அதிகமில்லை. பூச்சொரிதலுக்கும் தேருக்கும் முகவரி மாறாத ஒரு நிரந்தரப் பக்கம் வையுங்கள். ஆண்டுதோறும் தேதியை மட்டும் மாற்றுங்கள். தேதியையும் கட்டணத்தையும் எழுத்தாகவே தட்டுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். வெளியூரில் இருந்தபடி அம்மனுக்குக் காணிக்கை செலுத்த நினைப்பவர், பணம் கட்டும் முன் முகவரியில் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை படியுங்கள். அந்தப் பகுதி, முன்னால் ஒரு புள்ளியோடு, ஜிஓவி.இன் என்று முடியாவிட்டால் கட்டாதீர்கள்.