சாயும் தூண்கள்

இன்ஸ்டாகிராமில் வரும் கோயில் ஓவியங்களில் தூண்களைக் கவனியுங்கள். பலவற்றில் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். மண்டபம் சாயவில்லை, அண்ணாந்து பிடித்த போன் செய்த வேலை. வரைந்தவர் அதையும் சேர்த்து நகலெடுத்துவிட்டார்.

ஃபோட்டோ பார்த்து வரைவது குற்றமில்லை. ஆனால் எதை இருட்டில் விடுவது என்பதை லென்ஸ் முன்பே முடிவுசெய்துவிடுகிறது. ஆனந்த விகடனின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்தவர் ஓவியர் சில்பி. நகை, மடிப்பு எல்லாம் அத்தனை துல்லியம். (துல்லியம் மட்டும்தான் வேண்டுமென்றால் கேமரா போதுமே!) நேரில் வரைபவர் நிழலில் அமுங்கிய சிலைவிரலுக்காக வெளிச்சம் நகரும்வரை காத்திருக்கலாம், எழுந்துபோய்ப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு வந்து கோடு போடலாம். ஒரே படத்துக்குள் பல பார்வைகள். ஃபோட்டோவில் அந்த விரல் வெறும் கறுப்புத் திட்டு. ஜூம் பண்ணினால் பெரிய கறுப்புத் திட்டு, அவ்ளோதான்.