ஜகன்மோகினி ஆசிரியரை எங்கே வைப்பது?

தமிழில் பெண்கள் ஆசிரியர் பொறுப்புக்கு வந்தது ‘மங்கையர் மலர்’, ‘அவள் விகடன்’ காலத்தில்தான் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். தவறான பேச்சு. யாழ்ப்பாணத்தில் மங்களம்மாள் மாசிலாமணி 1923-இலேயே ‘தமிழ் மகள்’ நடத்தினார். அதற்கும் முந்தியவர் பண்டிதை விசாலாட்சி அம்மாள். ஆனால் இவர்கள் விதிவிலக்குகள். 1905-இல் வந்த பெண்கள் இதழான ‘சக்கரவர்த்தினி’க்குப் பாரதி ஆசிரியர்; பெண்களுக்கான இதழை ஆண்கள் நடத்துவதே அன்றைய வழக்கம்.

அந்த வழக்கத்தை அழுத்தமாக உடைத்தவர் வை.மு. கோதைநாயகி. தொடக்கத்தில் சரளமாக எழுத வராமல், தன் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுதவைத்தவர் அவர். 1925-இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று 30 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். இடையில் விடுதலைப் போராட்டத்துக்காகச் சிறைக்கும் போனார். நம் இலக்கிய வரலாறு அவருடைய 115 நாவல்களை எண்ணி, புதுமைப்பித்தன் தராசில் நிறுத்து, தள்ளிவிட்டு நகர்கிறது. நாவல்கள் பற்றிய தீர்ப்பு இருக்கட்டும். தொடர்கதையைத் தானே எழுதி, சந்தாதாரரைத் தக்கவைத்து, நாவல் படிப்பதே பெண்ணைக் கெடுக்கும் என்று நம்பிய வீடுகளுக்குள் ஒரு பத்திரிகையைக் கொண்டுபோன ஆசிரியரை எந்தத் தராசில் நிறுத்தோம்?

வெளியீட்டாளராக இருந்த பெண்ணுக்கும் இதே கதிதான். 1933-இல் ‘குடி அரசு’ தலையங்கத்துக்காகப் பெரியாரோடு சிறை சென்ற பெரியாரின் தங்கை கண்ணம்மாள் அந்த ஏட்டின் வெளியீட்டாளர். எழுதியவருக்கு வந்த தண்டனையில் அவருக்கும் பங்கு வந்தது. ஏட்டின் வரலாற்றிலோ ஓரிரு வரிதான்.

அதே 1933-இல் பிறந்த ‘மணிக்கொடி’ முதல் ‘சரஸ்வதி’, ‘எழுத்து’, ‘கசடதபற’ வரை நாம் போற்றும் மரபில் ஆசிரியராக ஒரு பெண் இல்லை. ரசனையை வகுத்த இடம் அது. எது கவிதை, எது கதை என்று தீர்மானித்த மேசையில் பெண்ணுக்கு இருக்கை தராத வறுமையை அந்த இதழ்களின் பெருமையோடு சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

இருக்கை கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 1986-இல் சித்ரலேகா மௌனகுரு தொகுத்த ‘சொல்லாத சேதிகள்’ ஈழத்துப் பெண் கவிதையை ஒரு போக்காகவே கண்ணுக்குக் காட்டியது. உதிரியாகக் கிடந்த குரல்களை அருகருகே வைத்த தேர்வுதான் அதைச் செய்தது. குட்டி ரேவதியின் ‘பனிக்குடம்’, மாலதி மைத்ரியின் ‘அணங்கு’ இரண்டும் அந்த வழியில் வந்தவை.

பெண்கள் இதழுக்குப் பெண் ஆசிரியர் என்ற ஏற்பாட்டோடு நிறைவடைவதை நான் ஏற்கவில்லை. 1990-களில் தமிழ் ‘இந்தியா டுடே’யை வாஸந்தி நடத்தினார்; தேர்தலும் சாதிக் கலவரமும் ஒரு பெண்ணின் மேசையைத் தாண்டி அச்சுக்குப் போயின. ‘கல்கி’க்குச் சீதா ரவி ஆசிரியராக இருந்தார். இந்த வரிசைதான் நீள வேண்டும்: செய்தி ஏடுகளில், இலக்கிய இதழ்களில், எந்தக் கையெழுத்துப் பிரதி நூலாகும் என்று முடிவெடுக்கும் பதிப்பகங்களில்.