பிரைட்டன் கடற்கரை மன்றம்: ஒரு திறனாய்வு

பெயரே தீர்ப்பாகிவிடுதல் கட்டடக்கலையிலும் உண்டு. 'புரூட்டலிசம்' என்னும் நெறியின் பெயரைக் கேட்டோர் அதனை முரட்டுத்தனம் எனப் பொருள் கொள்கின்றனர். ஆயின், பூச்சிடாத காங்கிரீட்டைக் குறிக்கும் 'பெத்தோன் புரூட்' என்னும் பிரெஞ்சுத் தொடரோடு அப்பெயர் தொடர்புடையது. ஈண்டுப் 'புரூட்' என்பதற்குப் பண்படுத்தாதது என்பதே பொருள், கொடியது என்பதன்று.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் சென்டர் இப்பழிக்கு ஆளான கட்டடங்களுள் ஒன்று. மாநாட்டிற்கும் இசைநிகழ்ச்சிக்கும் உரிய இம்மன்றம், 1977ஆம் ஆண்டு அன்றைய பிரதமர் சேம்சு காலகனால் திறக்கப்பெற்றது. இதனை அழகற்றது என ஒரு சொல்லால் ஒதுக்குவோர் பலர். அது திறனாய்வு ஆகாது. குறை யாண்டு உளது எனக் காட்டுதலே திறனாய்வாம்.

குறை கட்டிய பொருளில் இல்லை, இடத்தோடு கொண்ட இயைபில் உளது என்பது நம் கருத்து. மன்றத்தை அடுத்து மேற்கே 1864இல் எழுந்த கிராண்ட் ஓட்டலும், அதற்கப்பால் 1890இல் எழுந்த மெட்ரோபோல் ஓட்டலும் நிற்கின்றன. முன்னது வெண்சுதை பூசியது. பின்னது செங்கல்லும் சுடுமண்ணும் கொண்டது. பொருளால் வேறுபடினும் இரண்டும் மாடமுகப்புகளால் மாந்தரைக் கடல்நோக்கி அழைக்கின்றன. மன்றத்திலோ, சாளரங்கள் உளவேனும், காங்கிரீட்டுத் திரளே கண்ணை நிறைக்கின்றது.

இதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 4,500 பேர் அமரும் அரங்கு வெளியொளியையும் வெளியோசையையும் விலக்குதல் வேண்டும். கடற்கரையோ திறப்பினை வேண்டுவது. இவ்விரண்டையும் இசைவித்தலே கலைஞன் கடன். இக்கட்டடம் முன்னதை நிறைவேற்றிப் பின்னதைப் பெரிதும் கைவிட்டது.

இனி, பயன் நோக்குவோம். 1977 அக்டோபர் 10 அன்று பாடகர் பிங் கிராசுபி தம் இறுதி இசைநிகழ்ச்சியை இங்கு வழங்கினார். நான்கு நாள்களில் மறைந்தார். 1984 அக்டோபர் 12 விடியுமுன் கிராண்ட் ஓட்டலில் குண்டு வெடித்தது, ஐவர் உயிரிழந்தனர். ஆயினும் கன்சர்வேட்டிவ் கட்சி மாநாடு அன்று காலையே இம்மன்றத்தில் குறித்தவாறு கூடியது. பிரதமர் மார்கரெட் தாட்சரும் அன்றே உரையாற்றினார். நிகழ்ச்சிகள் சுவருக்கு அழகு சேரா என்பார் கூற்று உண்மையே. ஆயின், பல்லோரை ஒருங்கு கூட்டுதலே மன்றத்தின் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறியமைக்கு அவை சான்றாவன.

ஆதலின், இதனை இடிப்பதா காப்பதா என்னும் வினாவிற்கு 'முரடு' என்னும் சொல் விடையாகாது. கடற்பக்கத்தைத் திறந்து திருத்தக் கூடுமா என்பதே முதற்கண் ஆராயத்தக்கது. அதனை ஆராயாது தீர்ப்பு வழங்குவோர், நூலைப் பயிலாது நூற்பெயர் கொண்டே மதிப்புரை வரைவோரை ஒப்பர்.