படுக்கை நேரத்தைக் குறைத்தால் தூக்கம் வருமா?

நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருந்தில்லாமல் செய்யப்படும் சிகிச்சைகளில் மிகக் கடுமையானது படுக்கை நேரக் கட்டுப்பாடு. தூக்கம் போதவில்லை என்று வருபவரிடம், இனி இன்னும் குறைவான நேரமே படுக்க வேண்டும் என்று சொல்கிற முறை இது. நியூயார்க் சிட்டி காலேஜைச் சேர்ந்த உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன், 1987-இல் இரு சக ஆய்வாளர்களுடன் இதை வெளியிட்டார். தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற தொகுப்பில் இன்று இதற்கு முக்கிய இடம் உண்டு. மாத்திரைக்கு முன் அந்தத் தொகுப்பையே தர வேண்டும் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2016-இல் பரிந்துரைத்தது.

தூக்கத்தைக் கெடுத்த காரணம் வேறு, கெட்ட தூக்கத்தை ஆண்டுக்கணக்கில் நீடிக்க வைக்கும் காரணம் வேறு என்பது ஸ்பீல்மனின் வாதம். வேலை போகிறது, வீட்டில் ஒரு சாவு நேர்கிறது, அல்லது நோய் வருகிறது, தூக்கம் கலைகிறது. அந்தத் தொல்லை தீர்ந்த பிறகும் தூக்கம் திரும்பாமல் இருப்பதற்கு, இழந்ததை ஈடுகட்ட நோயாளி செய்யும் காரியங்களே காரணமாகின்றன. ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறார், விடிந்தும் எழாமல் கிடக்கிறார், மதியம் கண்ணயர்கிறார். விழித்திருக்கும் நேரம் கூடக் கூடத் தூக்கத்துக்கான அழுத்தம் உடலில் ஏறுகிறது. உடல் கடிகாரம் அதனோடு சேர்ந்து தூங்கும் வேளையைத் தீர்மானிக்கிறது. தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெய் 1982-இல் முன்வைத்த இந்த விளக்கத்தின்படி, மதியத் தூக்கம் இரவுக்குச் சேர்த்து வைத்த அழுத்தத்தை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறது. பிறகு இரவெல்லாம் புரண்டு படுத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் மிச்சம். நாளடைவில் படுக்கையே விழிப்பை மூட்டும் இடமாகிவிடுகிறது.

சிகிச்சை இரண்டு வார நாட்குறிப்பில் தொடங்குகிறது. இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழும் ஒருவர் சராசரியாக ஐந்தரை மணி நேரம் தூங்குவதாகக் குறித்திருக்கிறார் என்று கொள்ளலாம். படுக்கையில் கழியும் எட்டு மணி நேரத்தில் தூக்கத்தின் பங்கு 69 விழுக்காடு. இதை உறக்கத் திறன் என்பார்கள். இனி அவர் நள்ளிரவு 12.30-க்கு முன் படுக்கக் கூடாது. காலை 6 மணிக்கு, ஞாயிற்றுக்கிழமையானாலும், எழுந்துவிட வேண்டும். பகலில் தூங்கக் கூடாது. உறக்கத் திறன் ஐந்து நாட்களுக்கு 90 விழுக்காட்டை எட்டினால் 15 நிமிடம் கூட்டித் தரப்படும். 85-க்குக் கீழே இறங்கினால் நேரம் மேலும் வெட்டப்படும். நாட்குறிப்பு என்ன சொன்னாலும் நாலரை மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஸ்பீல்மன் எல்லை வகுத்தார். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே விடாத சிகிச்சையாளர்களே இப்போது அதிகம்.

இந்த முறையின் பெரிய பலம், அது நோயாளியின் மனத்தோடு வாதாடுவதில்லை என்பதே. கவலைப்படாதே என்று சொல்வதில்லை, மனதை அமைதிப்படுத்தச் சொல்வதில்லை. அவரால் உண்மையிலேயே கட்டுப்படுத்தக்கூடிய இரண்டை மட்டும், அதாவது படுக்கும் மணியையும் எழும் மணியையும், கையில் கொடுக்கிறது. தூங்குவது எவர் கையிலும் இல்லை. எழுந்து நிற்பது இருக்கிறது. வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். மாலையில் காபி வேண்டாம், அறை இருட்டாக இருக்கட்டும், போனைத் தள்ளி வை என்பவற்றில் தவறேதும் இல்லை. ஆனால் பல வருடமாகத் தூங்காதவர் இவற்றையெல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் மருத்துவரிடம் வருகிறார். இத்தகைய தூக்கச் சுகாதார அறிவுரைகளை மட்டும் தனிச் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2021-இல் சொன்னது. படுக்கை நேரக் கட்டுப்பாட்டைத் தனியாகவும் தரலாம் என்பது அதே வழிகாட்டுதலின் நிலைப்பாடு.

சான்றுகளைச் சற்று உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1987 ஆய்வில் 35 நோயாளிகள் எட்டு வாரம் சிகிச்சை பெற்றார்கள். சராசரியாகப் பதினைந்து வருடத் தூக்கமின்மை அவர்களுக்கு. முன்னேற்றம் தெளிவாக இருந்தது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. உறக்கத் திறன் என்ற அளவுகோலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே சொன்ன நபர் புதிய நேரத்தில் ஐந்து மணி நேரம் தூங்கினால், அது முன்பைவிட அரை மணி நேரம் குறைவு. அவருடைய உறக்கத் திறனோ 69-லிருந்து 91-க்குத் தாவிவிடுகிறது. வகுக்கும் எண்ணைச் சிறிதாக்கினால் விழுக்காடு ஏறத்தான் செய்யும். இந்த எண்ணை மட்டும் காட்டிப் பெருமைப்படும் ஆய்வை அப்படியே நம்பக் கூடாது.

அந்த மிகையைக் கழித்தால் எது மிஞ்சுகிறது என்பதற்கு 2023-இல் லான்செட் இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வு பதில் தருகிறது. 35 பொது மருத்துவ மையங்களில் 642 பேர் இதில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் தூக்கச் சுகாதாரக் கையேடு கிடைத்தது. பாதிப் பேருக்கு மட்டும் பயிற்சி பெற்ற நர்சுகள் நான்கு அமர்வுகளில் படுக்கை நேரக் கட்டுப்பாட்டைக் கற்றுத் தந்தார்கள். உறக்கத் திறனை விட்டுவிட்டு, தூக்கமின்மையின் கடுமையை அளக்கும் 28 புள்ளி அளவுகோலையே இங்கே முதன்மையாக எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்துச் சிகிச்சைக் குழுவின் சராசரி 10.9, மற்றக் குழுவுடையது 13.9. தூக்க நிபுணர் இல்லாமல் நர்சுகளைக் கொண்டே இந்த வித்தியாசம் கிடைத்தது சாதாரணமல்ல. எனினும் அந்த அளவுகோலில் 8-க்குக் கீழே வந்தால்தான் தூக்கமின்மை இல்லை என்று பொருள். சராசரி நோயாளி தேறினார், முழுக்கக் குணமாகவில்லை. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மறைக்க முடியாத ஆய்வு என்பதால், எதிர்பார்ப்பின் பங்கையும் இதில் ஓரளவு கழித்துக்கொள்ள வேண்டும்.

நாட்குறிப்பை நம்புவதிலும் சிக்கல் உண்டு. தூக்கமின்மை உள்ளவர்களில் பலர் தாங்கள் தூங்கியதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பொட்டுத் தூக்கம் இல்லை என்று காலையில் சொல்பவர், மூளை அலைப் பதிவின்படி சில மணி நேரம் தூங்கியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிகிறது. உண்மையில் ஆறரை மணி நேரம் தூங்குபவர் ஐந்து என்று எழுதினால், சிகிச்சை அவரிடமிருந்து ஒன்றரை மணி நேர நல்ல தூக்கத்தைப் பறிக்கிறது.

முதல் வாரங்களின் விலை அதிகம். 16 நோயாளிகளைக் கருவிகளால் அளந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சையின் தொடக்கத்தில் தூக்க நேரம் குறைந்தது, பகல் சோர்வு கூடியது, கவனச் சோதனையில் கை மந்தமானது. மூன்று மாதத்தில் கவனம் பழைய நிலைக்குத் திரும்பியது உண்மைதான். ஆனால் லாரி ஓட்டுபவருக்கோ, இயந்திரத்தின் முன் நிற்பவருக்கோ அந்த இடைப்பட்ட வாரங்களில் ஒரு நொடி கண் சொக்கினால் போதும். தூக்கம் குறைவது வலிப்பைத் தூண்டலாம். இருமுனைக் கோளாறு உள்ளவரை மிகை எழுச்சிக்குத் தள்ளலாம். தூக்கத்தில் நடப்பவருக்கு அதை அதிகமாக்கலாம். உரத்த குறட்டையோடு மூச்சுத் திணறி விழிப்பவருக்குப் பிரச்சினையே வேறு. அவருக்குப் படுக்கை நேரத்தை வெட்டுவது தீர்வாகாது. இங்கிலாந்து ஆய்வில் இத்தகைய நோய்கள் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. மாறும் ஷிப்டிலும் இரவு ஷிப்டிலும் வேலை செய்பவர்களும் இல்லை. ஆக, தூக்கம் மிக அதிகமாகக் கெட்டுப்போகும் கூட்டத்தைப் பற்றியே அந்தச் சான்று எதுவும் சொல்லவில்லை.

இந்த முறை ஒரு குறிப்பிட்ட வகை வீட்டையும் மனதில் வைத்திருக்கிறது. நள்ளிரவு தாண்டும்வரை விழித்திருக்க விளக்கு வேண்டும், உட்கார ஓர் இடம் வேண்டும். நான்கு பேர் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் அது மற்ற மூவரின் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுக்கும். இதைச் சிகிச்சைக் கையேடுகள் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை.

கடுமையைத் தணிக்க ஒரு மாற்று வடிவம் இருக்கிறது. படுக்கை நேரத்தை ஒரே நாளில் வெட்டாமல் சில வாரங்களில் படிப்படியாகச் சுருக்குவது அது. முதியவர்களுக்கும் பகல் சோர்வைத் தாங்க முடியாதவர்களுக்கும் இதையே தேர்ந்தெடுப்பது நல்லது. பலன் மெதுவாக வரும், பாதியில் விட்டுவிடும் ஆபத்து குறையும். எந்த வடிவமானாலும் முதல் இரண்டு மூன்று வாரங்களில் யாராவது நாட்குறிப்பைப் பார்த்து நேரத்தைத் திருத்தித் தர வேண்டும். நோயாளி பகலில் எப்படி இருக்கிறார், வண்டி ஓட்டுகிறாரா என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். வேறொரு நெருக்கடியில் தூக்கம் மறுபடி கெடும்போது, அதே நபர் ஒரு வாரம் நாட்குறிப்பு எழுதித் தன் படுக்கை நேரத்தைத் தானே மீண்டும் சுருக்கிக்கொள்ள முடியும். மாத்திரைச் சீட்டில் கிடைக்காத வசதி இது.