சிற்றூர்ப் பத்திரிகையும் படியளந்தோரும்

ஒரு பத்திரிகையின் பெருமையை அதன் தலையங்கங்களைக் கொண்டு அளப்பதே விமரிசகர்களின் வழக்கமாயிருந்து வருகிறது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளில் அமெரிக்காவின் கன்ஸாஸ், நெப்ராஸ்கா, டக்கோட்டா ஆகிய சமவெளிப் பிரதேசங்களில், மாவட்டத்தை ஒத்த கௌண்டி என்னும் ஆட்சிப் பிரிவுதோறும் தோன்றிய வாரப் பத்திரிகைகளை அந்த அளவுகோல் கொண்டு அளக்க முற்பட்டால், அவற்றின் குணமும் தெரியாது, குற்றமும் தெரியாது. அவற்றுக்குப் படியளந்தவர் யார், எதை எதிர்பார்த்து அளந்தார் என்று கேட்ட பிறகே அவற்றின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பது விளங்கும்.

பழைய நாடுகளில் ஊர் முதலில் ஏற்பட்டு, ஜனங்கள் பெருகி, வாணிபம் வளர்ந்து, அதன் பின்னரே பத்திரிகை பிறக்கும். சமவெளியிலோ இந்த வரிசை அடிக்கடி தலைகீழாயிற்று. புல்வெளியை மனைகளாக அளந்து விற்க நினைத்தவர்கள், அங்கே கடையும் கோயிலும் எழும்பு முன்பே ஓர் அச்சுக்காரரை வரவழைத்து, இன்னும் தோன்றாத நகரத்தின் சிறப்புக்களைக் கீழ்த்திசை மாநிலங்களுக்குப் பறைசாற்றச் செய்தார்கள். இரும்பாலான கைஅச்சு ஒன்றும், சில பெட்டி எழுத்துக்களும், கடனாக வாங்கிய சொற்ப மூலதனமுமே அவருடைய ஆஸ்தி. ஆசிரியர், அச்சுக்கோப்பவர், விளம்பரம் சேகரிப்பவர், சந்தா வசூலிப்பவர் எல்லாம் பெரும்பாலும் அவர் ஒருவரே. கையில் ரொக்கமில்லாத விவசாயிகள் விறகும் சோளமும் உருளைக்கிழங்கும் கொடுத்துச் சந்தாவை நேர் செய்தார்கள். வாரப் பத்திரிகைகளைத் தம் கௌண்டிக்குள் தபால் கட்டணமின்றி அனுப்ப 1851ஆம் ஆண்டின் சட்டம் இடமளித்தது பேருதவியே. ஆயினும் சந்தாவை மட்டும் நம்பி எந்த அச்சுக்கூடமும் பிழைத்திருக்க இயலாது.

பிழைக்க வழி செய்தவற்றுள் முதலாவது சட்ட அறிவிப்பு. 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி 160 ஏக்கர் நிலத்தில் ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிட்ட ஒருவர், அந்நிலம் தமக்கே உரியதென்று இறுதிச் சான்று காட்டிப் பட்டா பெறலாம். 1879இல் நிறைவேறிய மற்றொரு சட்டம், அவ்விதம் சான்று காட்ட விரும்புகிறவர் தம் பெயரையும் நிலத்தின் விவரத்தையும் சாட்சிகளின் பெயர்களையும் அந்நிலத்துக்கு மிக அருகில் வெளியாகும் பத்திரிகையில் வாரந்தோறும் முப்பது நாள், தம் சொந்தச் செலவில் வெளியிட வேண்டுமென்று விதித்தது. பொய்ச் சாட்சியும் போலிக் குடியேற்றமும் மலிந்திருந்த காலத்தில், அயலார் படித்து ஆட்சேபிக்க இடம் தந்த இந்த விதி மிகவும் நியாயமானதே. ஆனால் இதன் பயனாக, படிப்பவர் இருக்கிறார்களா என்று எண்ணிப் பாராமல் அறிவிப்புக் கட்டணத்தைப் பெறுவதற்காக மட்டுமே பத்திரிகைகள் முளைத்தன. பிரதேசத்தில் பட்டா வழங்கி முடிந்ததும் அவற்றிற் பல மறைந்தன. கௌண்டி நிர்வாகத்தின் அதிகாரபூர்வமான அச்சு வேலையும் இத்தகையதே. அது ஆளுங்கட்சியின் தயவால் கிடைத்தது. தேர்தல் முடிவு மாறினால் அதுவும் கைமாறிற்று. ஆகவே கௌண்டிக் கணக்குகளைக் கூர்ந்து பார்க்க வேண்டிய ஆசிரியரின் ஜீவனம், அந்தக் கணக்குகளை எழுதியவர்களின் கையிலேயே இருந்தது.

இரண்டாவது வழி, முன்கூட்டியே ஒரு பக்கம் அச்சிட்ட தாள். விஸ்கான்ஸின் மாநிலத்தில் பாராபூ என்ற ஊரில் பத்திரிகை நடத்திய ஆன்ஸல் நாஷ் கெல்லாக், உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல் தம் அச்சுத் தொழிலாளி பட்டாளத்தில் சேர்ந்துவிடவே, மாடிஸன் நகரத்துத் தினசரி ஒன்றிலிருந்து ஒரு பக்கம் செய்திகள் அச்சான தாள்களைத் தருவித்து, மறுபக்கத்தில் ஊர்ச் செய்திகளை அடித்து வெளியிட்டார். நெருக்கடியில் பிறந்த இந்த யுக்தியை 1865இல் அவர் சிக்காகோவில் பெருந்தொழிலாகவே தொடங்கினார். அச்சுக்கோக்கும் வேலையில் பாதி குறைந்ததால், தனி மனிதர் ஒருவர் பத்திரிகை நடத்துவது சாத்தியமாயிற்று. பக்கத்து நகரத்துக்குப் போவதே அரிதாயிருந்த பண்ணைக் குடும்பங்களுக்கு வெளிநாட்டுச் செய்தியும் தொடர்கதையும் விவசாயக் குறிப்பும் வாரந்தோறும் கிடைத்தன. இந்நன்மை சிறிதன்று. ஆனால் அந்தப் பக்கத்தின் விளம்பர வருமானம் தாளை அச்சிட்ட கம்பெனிக்கே உரியது. எல்லா வியாதிகளையும் தீர்ப்பதாக மார்தட்டிய மருந்துகளின் விளம்பரம் அதில் ஏராளமாக இடம் பெற்றது. புட்டிக்குள் இருப்பது சாராயமா அபினியா என்று மேலே எழுத வேண்டுமெனத் தேசியச் சட்டம் வந்தது 1906இல்தான். தம் பெயர் தாங்கிய பத்திரிகையில் பாதியின்மேல் ஆசிரியருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இல்லாத இடத்தில் தமக்குப் பொறுப்பும் இல்லையென்று அவர் எண்ணியதே இம்முறையின் பெருங்குறை.

மூன்றாவதாக, ஊர்ப் பெருமை பேசுவதால் கிடைத்த ஆதரவு. ரயில் பாதை தம் ஊர் வழியே வருவதற்காகக் கௌண்டி கடன்பத்திரம் வெளியிட வேண்டுமென்று ஆசிரியர்கள் பிரசாரம் செய்தார்கள். ரயில்வே கம்பெனிகள் அவர்களுக்கு இலவசப் பயணச் சீட்டுக்களை வழங்கின. கௌண்டித் தலைநகர் எது என்ற வழக்கில் போட்டி ஊர்களின் பத்திரிகைகள் ஒன்றையொன்று தூற்றின. கன்ஸாஸின் ஸ்டீவன்ஸ் கௌண்டியில் 1888இல் அந்தப் பகை கொலையிலேயே முடிந்தது. 1880களின் நடுவில் நிலவிலை கண்மண் தெரியாமல் ஏறியபோது அதை நிதானப்படுத்தும் குரல் பத்திரிகைகளில் அபூர்வமாகவே கேட்டது. 1887இல் மழை பொய்த்து விலையும் வீழ்ந்து, குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு கிழக்கே திரும்பத் தொடங்கிய பின்னரும், அடுத்த விளைச்சலில் எல்லாம் சரியாகிவிடும் என்ற பல்லவி ஓயவில்லை. இதிலுள்ள முரண் கவனிக்கத்தக்கது: தலையங்கத்தில் நிலத்தின் வளம் புகழப்படும் அதே இதழில், சட்டத்தின் கட்டாயத்தால், அடமானம் மீட்கப்படாத பண்ணைகளை ஷெரீப் ஏலமிடும் அறிவிப்புக்கள் சிற்றெழுத்தில் வரிசையாக நின்றன. சொந்த அபிப்பிராயத்தில் மறைத்ததைப் பணம் பெற்று அச்சிட்ட பத்தியில் பத்திரிகை ஒப்புக்கொண்டது.

எனினும் ஊர்ப் பெருமை பேசிய அனைவரையும் பொய்யர் என்று ஒதுக்குவது நீதியாகாது. புதிய பிரதேசத்தின் கடன், வியாபாரம், குடியேற்றம் யாவும் நம்பிக்கையையே ஆதாரமாகக் கொண்டவை. அந்த நம்பிக்கையை ஊட்டாமல் பள்ளிக்கூடமும் பாலமும் எழுந்திரா. ஆசிரியரும் பெரும்பாலும் அவ்வூரில் மனை வாங்கியவரே. ஊர் அழிந்தால் அவரும் அழிவார். கோதுமை விலை, ரயில் வரும் நேரம், காணாமற்போன மாடு, கிராம நிருபர்கள் சம்பளமின்றி எழுதி அனுப்பிய கல்யாணமும் சாவும் ஆகிய சின்னஞ்சிறு செய்திகளே, பல மைல் தூரம் சிதறிக் கிடந்த குடும்பங்களை ஒரே சந்தையாகவும் ஒரே சமுதாயமாகவும் பிணைத்தன.

பெருமை பேசும் பத்திரிகைகள் தங்கள் துயரைச் சொல்லவில்லையென்று கண்ட விவசாயிகள், தமக்கெனவே பத்திரிகைகளை ஏற்படுத்திக்கொண்டார்கள். விவசாயிகள் சங்கத்தின் எழுச்சியால் கன்ஸாஸில் 1890ஆம் ஆண்டுத் தேர்தலின் முடிவே மாறிற்று. டொபீக்காவில் விவசாயப் பத்திரிகை நடத்திய வில்லியம் பெஃபர் அடுத்த ஆண்டில் தேசிய செனட் சபைக்கே சென்றார். எதிர்த்தரப்பில், 1895இல் எம்போரியா நகரத்துப் பத்திரிகையை 3,000 டாலருக்குக் கடன்பட்டு வாங்கிய வில்லியம் ஆலன் வொயிட், மறு ஆண்டில், அந்த எழுச்சியிலிருந்து பிறந்த மக்கள் கட்சியைக் கிண்டல் செய்து எழுதிய தலையங்கத்தை ரிபப்ளிகன் கட்சியார் நாடெங்கும் பரப்பினர். இந்த மோதலால் வாசகருக்கு ஒரு லாபம் கிடைத்தது: ஒரே கௌண்டியின் நிலைமையை இரு கோணங்களில் படிக்க முடிந்தது. ஆனால் மக்கள் கட்சி தளர்ந்ததும் அதைச் சார்ந்த பத்திரிகைகளும் தளர்ந்தன. விளம்பரம் தந்த கடைக்காரரின் தயவிலிருந்து விடுபட்டவர்கள் கட்சியின் தயவில் அகப்பட்டதே காரணம்.

விளம்பரம் தந்த கடைக்காரரை ஊர்ப் பத்திரிகைகள் சார்ந்திருந்தது எத்துணை ஆழமானது என்பதற்கு, தபால் மூலம் சரக்கு விற்ற சிக்காகோ நிறுவனங்களை அவை எதிர்த்த விதமே சான்று. 1872இல் மான்ட்கோமரி வார்ட் தொடங்கிய வாணிபமும் பின்னர் ஸியர்ஸ் நிறுவனமும் விவசாயிக்கு மலிவான பண்டங்களை அளித்தன. ஆசிரியர்கள் பலர், உள்ளூர்க் கடையிலேயே வாங்குவது ஊரார் கடமை என்று உபதேசித்தார்கள். ஊரின் பணம் ஊரிலேயே தங்கவேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் உள்ளூர்க் கடைக்காரர் அதிக விலை வைத்ததைக் கேட்கும் துணிவு, அவருடைய விளம்பரத்தால் வாழ்ந்தவரிடம் எளிதில் பிறக்கவில்லை.

ஆகவே கௌண்டிப் பத்திரிகை ஊரின் பதிவேடாக இருந்தவரையில் நம்பத்தக்கது. ஊரின் நீதிபதியாக நடிக்கும்போது நம்பத்தகாதது. அறிவிப்பும் விலைப்பட்டியலும் ஏல விவரமும் கிராமச் செய்தியும் அக்காலப் பொருளாதாரத்தின் மெய்யான சாசனங்கள். தலையங்கமோ, படியளந்தோர் கேட்க விரும்பியதன் சாசனம். இதற்குத் தனி மனிதரின் அயோக்கியதையைக் காட்டிலும், வருமானம் வருகிற எல்லா வழிகளையும் விமரிசிக்கத்தக்கவர்களிடமே ஒப்படைத்த அமைப்புத்தான் காரணம். அந்த இதழ்களைப் புரட்டும் ஆராய்ச்சியாளர் முதற் பக்கத்தை விரைவாகத் தள்ளிவிட்டு, சிற்றெழுத்துப் பத்திகளையே நின்று நிதானமாகப் படிக்க வேண்டும்.