பணீ-டணீ ஓவியமும் பெயர் சுட்டா மரபும்

உதகமண்டலத்தில் இன்று ‘தமிழகம்’ என்னும் பெயருடன் அரசினர் விருந்தினர் மாளிகையாக விளங்குவது, முன்னர் ஜோத்பூர் அரசர்க்கு உரிமையாயிருந்த ஆரன்மோர் மாளிகையாகும். அவ்வரச மரபின் கிளையொன்று 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவியதே கிஷன்கர் என்னும் சிற்றரசு. நீலகிரியில் அம்மாளிகையைக் கண்டபோது கிஷன்கரின் ஓவியமொன்றைப் பற்றி எழுந்த ஐயமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகால் சந்த் என்னும் ஓவியர் தீட்டியதாகக் கருதப்படும் அவ்வோவியத்தில், மெல்லிய முக்காடணிந்த நங்கையொருத்தி ஒரு கையில் தாமரை மொட்டுகளை ஏந்திப் பக்கத்தோற்றமாகக் காட்சி தருகிறாள். எரிக் டிக்கின்சன் 1943இல் கிஷன்கர் அரண்மனைத் தொகுதியைக் கண்டு வெளிப்படுத்திய பின்னர் இஃது உலகறிந்ததாயிற்று. இந்நங்கை அரசர் சாவந்த் சிங்கின் காமக்கிழத்தியாகிய பணீ-டணீயே என்றும், இஃது ‘இந்தியாவின் மோனாலிசா’ என்றும் பலர் எழுதினர். இக்கொள்கை எவ்வளவிற்குப் பொருந்தும் என்பது ஆராய்தற்குரியது.

முதற்கண், பணீ-டணீ என்பது இயற்பெயரன்று; ‘ஒப்பனை செய்துகொண்டவள்’ என்னும் பொருள்படும் வழங்குபெயர். இரண்டாவதாக, செவியை நோக்கி நீண்ட கண், வில்லென வளைந்த புருவம், கூரிய மூக்கு, குறுகிய மோவாய் ஆகியவை இவ்வோவியத்திற்கே உரியன அல்ல. கிஷன்கர் ஓவியங்கள் பலவற்றில் இராதைக்கும், ஏன், கண்ணனுக்குங்கூட இம்முகமே அமைந்துள்ளது. பலர்க்கும் பொதுவாகிய முகத்தை ஒருவர்க்கே உரிய உருவமெனக் கொள்ளல் எங்ஙனம்? 1973இல் இந்திய அஞ்சல்துறை இவ்வோவியத்தை அஞ்சல்தலையாக வெளியிட்டபோது ‘இராதை’ என்றே குறித்தமையும் ஈண்டு நோக்கத்தக்கது.

அங்ஙனமாயின் ஓவியத்திற்கும் அவர்க்கும் தொடர்பே இல்லையோ எனின், அவ்வாறு கூறலும் மிகையாம். நாகரிதாஸ் என்னும் பெயரால் பாடிய கவிஞர் சாவந்த் சிங். அவர் பாடிய பொருளும் நிகால் சந்த் தீட்டிய பொருளும் இராதை-கண்ணன் காதலே. கண்முன் இருந்த அழகு ஓவியரின் கற்பனைக்கு வித்தாயிருத்தல் கூடும். எனினும் வித்து வேறு, விளைவு வேறு.

இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர் தொல்காப்பியர். அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது அவர் வகுத்த நெறி. ஒருவர் பெயர் சுட்டப்படின் காதல் அவ்வொருவர் செய்தியாகச் சுருங்கிவிடும். சுட்டப்படாவிடின் கேட்போர் அனைவர்க்கும் உரியதாகும். இராசபுத்திர ஓவியத்திற்கென வகுத்த நெறியன்று இஃது எனினும், அவ்வோவியத்தைக் காணும் நெறியாகக் கொள்ளத் தடையில்லை.

பெயர் சூட்டலால் விளைந்த இழப்பு மற்றொன்றும் உண்டு. பணீ-டணீ, ரசிக் பிகாரி என்னும் புனைபெயரில் பாடல் இயற்றிய புலவர். அரசர் 1757இல் பிருந்தாவனத்தில் துறவு வாழ்வு மேற்கொண்டபோது உடன் சென்றவர். முகத்தைப் போற்றுவோர் பலராக, அவர் பாடலை நாடுவோர் சிலராயினர்.

இத்தகைய நிலை நம் தஞ்சையிலும் நேர்ந்தது. அதே நூற்றாண்டில், பிரதாபசிம்மர் அவையிலிருந்த முத்துப்பழனி ‘ராதிகா சாந்த்வனமு’ என்னும் தெலுங்கு நூலை இயற்றினார். நூலை ஆராய்வதினும் ஆசிரியரின் குலத்தை இகழ்வதே திறனாய்வாளர் சிலர்க்கு எளிதாயிற்று. பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் அந்நூலை முழுமையாகப் பதிப்பித்தார். மறு ஆண்டே அரசு அதனைத் தடை செய்தது. ஆங்கு முகத்தைப் புகழ்ந்து புலமையை மறந்தனர். ஈங்குக் குலத்தை இகழ்ந்து புலமையை மறைத்தனர். இரண்டும் ஒரு பிழையின் இரு கூறுகளே.

ஆகவே, அவ்வோவியத்தை இராதையின் உருவாகக் காண்டலும், ரசிக் பிகாரியைப் பாடல்வழி அறிதலும் தனித்தனியே செய்யத்தக்க பணிகள். முன்னதில் பெயர் வேண்டா. பின்னதில் பெயர் இன்றியமையாதது.