வாசலில் இருந்தவன் எங்கே?

சிறுவர்களுக்காகச் சுருக்கி எழுதப்படும் ஆயிரத்தொரு இரவுகள் பற்றி நம்மவர் மத்தியில் பேச்செழும்போதெல்லாம் அது ஓரிடத்தில்தான் போய் நிற்கிறது. ஆபாசத்தை எவ்வளவு வெட்டுவது, ஜின்களை வைத்துக்கொள்வதா விடுவதா? முதலாவதில் எனக்குத் தகராறில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு ஷஹ்ரியாரின் அந்தப்புரம் வேண்டியதில்லை. அங்கே கறுப்பின அடிமை சித்திரிக்கப்படும் விதமும் வேண்டியதில்லை. ஜின்களையோ பிள்ளைகள் நம்மைவிட நிதானமாகக் கையாளுகிறார்கள். நான் பேச விரும்புவது வேறொரு வெட்டைப் பற்றி. எவரும் கேளாமலே, பக்கம் போதவில்லை என்ற காரணத்துக்காகச் சத்தமின்றி நடக்கும் வெட்டு அது.

சிந்துபாத்தை எடுத்துக்கொள்வோம். நான் வாசித்த தமிழ்ச் சுருக்கங்களில் பெரும்பாலானவை கப்பலில் தொடங்குகின்றன. தீவென்று இறங்கிய இடம் மீனாகிறது. ருக் பறவை வருகிறது. வைரப் பள்ளத்தாக்கு வருகிறது. ஆனால் கதை தொடங்குவது கடலில் அல்ல, பக்தாத் தெருவொன்றில். ஹாரூன் அல் ரஷீதின் காலம். கடும் வெயில். கூலிக்குச் சுமை தூக்குபவன் ஒருவன், புறக்கோட்டையில் நாட்டாமை என்போமே அப்படியொருவன், ஒரு செல்வந்தரின் வாசல் திண்ணையில் சுமையை இறக்கிவிட்டு இளைப்பாறுகிறான். உள்ளேயிருந்து இதமான காற்றும் இசையும் உணவின் வாசனையும் வருகின்றன. அவன் இறைவனைத் துதிக்கிறான். அதே மூச்சில், ஒரே துளியிலிருந்து வந்த மனிதருள் ஒருவனுக்கு நிழலும் இன்னொருவனுக்குச் சுமையும் ஏன் என்ற ஆதங்கத்தைக் கவிதையாகப் பாடுகிறான். வீட்டுக்காரர் அவனை உள்ளே அழைத்துப் பெயர் கேட்கிறார். சிந்துபாத் என்கிறான். அவருடைய பெயரும் அதுதான்.

1835 ஆம் ஆண்டின் பூலாக் பதிப்பில் இருவரும் சிந்துபாத்தே. அந்துவான் கலானின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் சுமைகாரன் ஹிந்துபாத் ஆகிறான். பெயர் ஒன்றாக இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே பெயர், இரண்டு வாழ்க்கை.

ஏழு பயணங்களும் அந்த ஆதங்கத்துக்குச் செல்வந்தர் சொல்லும் மறுமொழி. இந்தச் செல்வம் சும்மா வரவில்லை, பட்ட பாடுகளைக் கேள் என்கிறார். ஒவ்வொரு நாளும் கதை முடிய நூறு பொன் கொடுத்தனுப்பி மறுநாளும் வரச் சொல்கிறார். இந்தச் சட்டகத்தைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது வெறும் விநோதப் பட்டியல். சட்டகம் இருந்தால் பிள்ளை ஒரு விடயத்தைக் கேட்கும்: சுமைகாரனும்தானே பாடுபடுகிறான், அவனுக்கு ஏன் மாளிகை இல்லை? நான்காம் பயணத்தில், இறந்த மனைவியோடு உயிருடன் குழிக்குள் இறக்கப்படும் சிந்துபாத், பின்னர் அதேபோல் இறக்கப்படுவோரைக் கொன்று அவர்களின் உணவையும் நீரையும் எடுத்துத்தான் பிழைக்கிறார். இதையும் அந்த ஏழையின் முன்னால்தான் சொல்கிறார். அதைச் சிறியவர்களுக்குத் தவிர்க்கலாம். பதின்மூன்று வயதுக்காரருக்குத் தவிர்ப்பதற்கு நியாயம் காணேன்.

ஆறாம் பயணத்தின் ஸரந்தீப் நமது பெருமை என்பதால் அதை எவரும் விடுவதில்லை. மாணிக்கங்களும் கலீஃபாவுக்கு மன்னர் அனுப்பிய அன்பளிப்புகளும் தவறாமல் இடம்பெறுகின்றன. தெப்பத்தில் அரை உயிராக வந்து சேர்ந்தவர், தன் கதையைச் சொல்லுமுன் உண்ண ஏதும் கேட்கிறார் என்ற சிறு விபரம் மட்டும் உதிர்ந்துவிடுகிறது.

மீனவன் கதைக்கும் இதே கதிதான். ஜின்னை ஏமாற்றி மீண்டும் ஜாடிக்குள் அடைத்ததும் சுருக்கங்கள் முற்றுப்புள்ளி வைக்கின்றன. அதற்குப் பிறகு, தன் நோயைக் குணப்படுத்திய ஹகீம் தூபானையே கொல்வித்த யூனான் மன்னனின் கதையை மூடிய ஜாடியைப் பார்த்து மீனவன் சொல்கிறானே, அது எங்கே? பின்னர், ஜின்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு அவன் இரண்டாம் தடவையும் மூடியைத் திறக்கிறான். முதல் தடவை திறந்தது அறியாமையால். இரண்டாம் தடவை அறிந்தே. தந்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நம்பிக்கையை விட்டுவிட்டால் கதை பாதியாகி விடுகிறது.

மூலம் என்று எதைச் சொல்கிறீர் என நண்பர்கள் மடக்கக்கூடும். நியாயமான கேள்வி. சிந்துபாத் தனியே உலவிய கதை. 1704 இல் வெளிவரத் தொடங்கிய தன் தொகுதிகளில் அதைச் சேர்த்தவர் கலான். அலாவுதீனும் அலிபாபாவும் 1709 இல் பாரிஸில் அலெப்போக்காரரான ஹன்னா தியாப் என்ற மரோனியக் கிறிஸ்தவர் அவருக்கு வாய்மொழியாகச் சொன்னவை. பதினான்கு அல்லது பதினைந்தாம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் சிரியக் கையெழுத்துப் பிரதியை முஹ்ஸின் மஹ்தி 1984 இல் பதிப்பித்தார். அதில் இவை எதுவுமில்லை. ஆகவே மறுகூறலுக்குத் தாராளமாக இடமுண்டு. ஆனால் கலானின் பிரெஞ்சிலும் சரி, பூலாக்கின் அறபிலும் சரி, சுமைகாரன் வாசலில்தான் இருக்கிறான். அவனை எழுப்பி அனுப்பியவர்கள் சுருக்கியவர்களே.

அலிபாபாவிலும் பாருங்கள். கலான் வைத்த தலைப்பு, ஓர் அடிமைப் பெண்ணால் அழிக்கப்பட்ட நாற்பது திருடர்களையும் சேர்த்தே சொல்கிறது. நம் புத்தக அட்டைகளில் அலிபாபாவும் நாற்பது திருடர்களும் மட்டுமே மிஞ்சினர். எண்ணெயைக் கொதிக்க வைத்தவளும், வாசலில் இட்ட அடையாளத்தை அக்கம்பக்கத்து வாசல்களிலும் இட்டுக் குழப்பியவளும் மர்ஜானாதான். 1956 இல் வந்த தமிழ்ப் படத்தில் பானுமதிக்குக் கிடைத்த இடம்கூட நமது சிறுவர் நூல்களில் அவளுக்குக் கிடைக்கவில்லை.

இனிமேல் சிந்துபாத்தை எழுதப்போகும் நண்பர்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. முதலில் ஒரு பக்கம், பிறகு ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் இரண்டு வரி. சுமைகாரன் பொன்னை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும், காலையில் சுபஹ் தொழுதுவிட்டு மீண்டும் வரட்டும். இடையில் அவன் என்ன நினைத்தான் என்பதை நீங்கள் எழுதவேண்டாம், பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.